இன்றைய உடம்புக்கு இன்றைய அளவு



தை பிறந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகைகள் வீடு தேடி வரத் தொடங்கிவிட்டன. கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். பட்டமளிப்பு, பதவி உயர்வு நேர்காணல், பணி ஓய்வுப் பாராட்டு என்று நாலு பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டிய நாள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த மாதங்களில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல குரல்களில் கேட்கிறது.

"குழந்தை பிறந்த பிறகு வயிறு உள்ளே போகவே இல்லை, தம்பி கல்யாணத்துக்கு எந்தச் சேலை கட்டினால் தெரியாது?" என்கிறார் ஒருவர். "கை பருமனாக இருக்கிறது, ப்ளவுஸுக்கு எவ்வளவு கை வைக்கலாம்?" என்கிறார் இன்னொருவர். ஒல்லியான பையன் ஒருவன், இன்டர்வியூவுக்குச் சட்டை போட்டால் ஹேங்கரில் மாட்டியதுபோல் இருப்பதாக வருந்துகிறான். பெண்ணுக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டிய அப்பா, தொப்பையோடு வேட்டி நிற்காதே என்று கவலைப்படுகிறார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மா ஒருவர், அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை என்று எழுதியிருக்கிறார்.

கடைசியாகச் சொன்ன கடிதத்தால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை உடைக்கு ஒதுக்கினேன். உடுத்த எதுவும் சரியாக இல்லை என்பதற்காகச் சொந்தங்களின் நல்லது கெட்டதில் கலந்துகொள்ளாமல் வீட்டில் இருந்துவிடுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தலைவலி, குழந்தைக்குப் பரீட்சை என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பீரோவுக்குள் இருக்கும். அவர்கள் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். உடை சரியாக இல்லையென்றால் குறை உடையில் இருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். உங்கள் உடம்பு எந்தத் தவறும் செய்யவில்லை.

தையல்காரரிடம் போகும்போது நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அளவு ப்ளவுஸ் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறோம். பல வீடுகளில் அது கல்யாணத்தின்போது தைத்த ப்ளவுஸ், அல்லது முதல் குழந்தைக்கு முன்னால் தைத்தது. "இதே மாதிரி, கொஞ்சம் லூஸாக" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தைத்து வந்ததும் தோளில் இழுக்கிறது, ஹூக் பிரிகிறது, கை பிதுங்குகிறது. உடனே கண்ணாடி முன் நின்று உடம்பைத் திட்டுகிறோம். பத்து வருஷத்துக்கு முந்தைய உடம்புக்கு வெட்டிய துணி இன்றைய உடம்பில் பொருந்தாததற்கு உடம்பு என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை, அளவு ப்ளவுஸை வீட்டில் விட்டுவிட்டு நேரில் போய் அளவு கொடுப்பது. விசேஷத்தன்று எந்த உள்ளாடை அணியப் போகிறீர்களோ அதையே அணிந்துகொண்டு போங்கள். அது மாறினால் மார்பளவும் மாறும், டாட் விழ வேண்டிய இடமும் மாறும். மார்புச் சுற்றளவோடு நிறுத்தாமல் தோள், கைக்குழி, கையின் சுற்றளவு, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், ப்ளவுஸின் உயரம் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ப்ளவுஸ்கள் கெடுவது மார்பளவில் இல்லை, கைக்குழியில். அது சின்னதாகிவிட்டால் கையைத் தூக்கும்போது ப்ளவுஸ் முழுதும் மேலே ஏறிவிடும், அக்குளுக்குப் பக்கத்தில் சதை பிதுங்கும். மார்பு பெரிதாக இருப்பவர்களுக்குத் தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ நெடுக இறங்கும் பிரின்சஸ் கட் நன்றாக உட்காரும். பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

கை பருமன் என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ப்ளவுஸ் கை எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில்தான் பார்ப்பவரின் கண் நிற்கும். மேற்கையின் அகலமான இடத்தில் கையை முடித்தால் அந்த அகலத்துக்கே கோடு போட்டுக் காட்டியதாகிவிடும். முழங்கைக்குச் சற்று மேலே, அல்லது முழங்கையைத் தாண்டி முக்கால் கை வைத்துப் பாருங்கள். விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். இடுப்பு தெரிவது சங்கடமாக இருந்தால் ப்ளவுஸின் உயரத்தை ஓர் அங்குலம் கூட்டச் சொன்னால் போதும். ஊசி குத்திக் குத்தி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுதும் நடக்க வேண்டிய அவசியமே வராது. தைத்து வந்ததும் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காதீர்கள். உட்காருங்கள், இரண்டு கையையும் தூக்கிக் கொண்டை போடுங்கள், குனிந்து ஒரு கோலப்புள்ளி வைத்துப் பாருங்கள். இந்த மூன்றிலும் தொந்தரவு செய்யாத ப்ளவுஸ்தான் சரியான ப்ளவுஸ்.

சேலைக்கு வருவோம். சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்குத் தையலே இல்லாத துணி. பாட்டியின் பட்டை அம்மாவும், அம்மாவின் பட்டைப் பேத்தியும் கட்ட முடிவதற்குக் காரணம் இதுதான். மூன்று தலைமுறையின் உடம்பும் மூன்று விதமாக இருந்தாலும் சேலை யாரையும் விலக்குவதில்லை, ப்ளவுஸ் மட்டும் மாறுகிறது. அதனால் சேலையில் பார்க்க வேண்டியது துணியின் குணம். ஆர்கன்சா, டிஷ்யூ, கஞ்சி போட்ட கனத்த பருத்தி எல்லாம் உடம்பை விட்டு விலகி நிற்கும். ஒல்லியானவர்களுக்கு அவை அழகாக அமையும். செட்டிநாட்டுக் கண்டாங்கியை ஒல்லியான பெண்கள் தயங்காமல் எடுக்கலாம். க்ரேப், ஜார்ஜெட், சாஃப்ட் சில்க், பல முறை துவைத்துப் பழகிய பருத்தி ஆகியவை உடம்போடு படிந்து விழும். இடுப்பில் உப்பலாகத் தெரியக் கூடாது என்பவர்கள் அவற்றைப் பார்க்கலாம்.

காஞ்சிபுரம் பட்டு கட்டியே ஆக வேண்டும், ஆனால் கொசுவம் உப்பிக்கொண்டு நிற்கிறது என்கிறீர்களா? புதுப் பட்டு விறைப்பாகத்தான் இருக்கும். முதல் நாளே கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் எடுத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் அயர்ன் செய்து வைத்துக்கொண்டால் படிந்துவிடும். இப்போது பல ஊர்களில் பெண்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். சேலையை வாங்கி மடிப்பெடுத்துப் பெட்டி மடிப்பாகத் திருப்பித் தருகிறார்கள். உயரம் குறைவானவர்கள் சின்ன பார்டரும், சேலை நிறத்தையே ஒட்டிய ப்ளவுஸும் எடுத்தால் உருவம் இரண்டாக வெட்டுப்படாது. உயரமானவர்களுக்கு அகலக் கோர்வை பார்டர் கம்பீரம் தரும். போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே சேலை கட்டுங்கள். இல்லையென்றால் கணுக்கால் தெரிந்து, உயரம் இன்னும் குறைந்ததுபோல் ஆகிவிடும்.

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்ற பயம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் குறுக்குக் கோடு போட்டது உயரமாகவும், நெடுக்குக் கோடு போட்டது அகலமாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்ப்சன் இதை உடையில் சோதித்தார். குறுக்குக் கோட்டு உடை ஒருவரைப் பருமனாகக் காட்டுவதில்லை என்று அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 2011-இல் எழுதினார்கள். எனவே பிடித்த சேலையில் குறுக்குக் கோடு இருக்கிறது என்பதற்காக அதை மடித்து வைத்துவிட வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் இதேபோல் ஒரு பழைய பயம் இருக்கிறது. "உங்க கலருக்கு இது எடுபடாது" என்று கடையில் சொல்வதைக் கேட்டு எத்தனையோ பெண்கள் தங்களுக்குப் பிடித்த நிறத்தைத் தொடாமலே வாழ்ந்திருக்கிறார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நீலம், கிளிப்பச்சை, கத்தரிப்பூ என்று நம் நெசவாளர்களுக்குக் கைவந்த நிறங்கள் எல்லாம் இந்த மண்ணின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் பிறந்தவை. சிவப்பழகு என்ற வார்த்தையை வைத்துப் பல பத்தாண்டுகள் விற்ற கிரீம்கூட 2020-இல் தன் பெயரில் இருந்த அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டது. நாமும் கைவிடலாம். சேலையைத் தோளில் போட்டு, கடையின் விளக்கை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகம் மலர்ந்தால் அது உங்கள் நிறம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வயிறு தெரியக் கூடாது என்று உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நாடா அழுத்தி உரசினால் தோல் கறுத்து, செதில் உதிர்ந்து, புண்ணாகும். மிக அரிதாக அந்தப் புண் புற்றுநோயாகவும் மாறும். வேட்டியை இறுக்கிக் கட்டுவதால் வரும் இத்தகைய புற்றைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 1945-லேயே எழுதியிருக்கிறார்கள். 2024-இல் மகாராஷ்டிரத்திலும் பீகாரிலும் இரண்டு மூத்த பெண்களுக்கு உள்பாவாடை நாடா அழுத்திய இடத்தில் புற்று வந்ததை ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை, அரிதான நோய்தான். ஆனால் இடுப்பில் தடம் பதிந்து, அரிப்போ ஆறாத புண்ணோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மெல்லிய நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடுங்கள். ஷேப்வேர் அணிபவர்களும் தங்கள் அளவையே வாங்குங்கள். ஓர் அளவு சின்னதாக வாங்கி வயிற்றை நெரித்தால், கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும்.

ஆண்களுக்கும் இதே கவலைகள் உண்டு. அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கி, பெல்ட்டை இறுக்கிக் கட்டுகிறார்கள். அப்போது வயிறு பெல்ட்டுக்கு மேலே தொங்கி இன்னும் பெரிதாகத் தெரியும். தொப்புளை ஒட்டிய உயரத்தில் நிற்கும்படி, முன்னால் ப்ளீட் வைத்து, தொடையில் தளர்வாகத் தைத்துப் பாருங்கள். நிற்கவும் உட்காரவும் நிம்மதியாக இருக்கும். சட்டைக்கு முதலில் பார்க்க வேண்டியது தோள். தோள் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் பட்டன்களுக்கு நடுவில் வாய் பிளக்கக் கூடாது. ஒல்லியான தம்பிகள் பெரிய அளவு வாங்கினால் சதைப்பிடிப்பாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம், இன்னும் மெலிந்துதான் தெரிவீர்கள். தோளுக்குச் சரியான அளவை எடுத்து, கொஞ்சம் கனமான துணியில், முழுக்கை வைத்துப் போடுங்கள்.

ரிசப்ஷனுக்குக் கோட் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இதே விதி. கோட்டின் கை நீளத்தையும் பக்கவாட்டையும் ஆல்ட்டர் செய்யலாம், தோளை மாற்றுவது மிகக் கடினம். தோள் பொருந்தாத கோட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோட்டே வேண்டாம் என்று தோன்றுகிறதா? வேட்டியும் மரியாதையான உடைதான். சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியிருந்ததற்காக ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதன் பிறகு 2014-இல் தமிழக அரசு அப்படித் தடுப்பதையே குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-இல் வந்த உடை விதியிலும் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார், பேன்ட் சட்டை, வேட்டி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. முறையான உடை என்பதற்கு நம் ஊரில் இவ்வளவு விரிந்த இடம் இருக்கும்போது, உங்கள் உடம்புக்கு இசைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி நழுவும் என்ற பயம் உள்ள அப்பாக்களுக்கு வெல்க்ரோ வைத்த வேட்டியும் வந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தாலி எடுத்துக் கொடுக்கலாம்.

ரெடிமேட் கடையில் ட்ரையல் அறைக்குள் நின்று கண் கலங்கியவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு பிராண்டில் 'எல்' சரியாக இருக்கும், இன்னொன்றில் 'எக்ஸ்எக்ஸ்எல்' கேட்கும். இந்தியர்களின் உடம்பை அளந்து உருவாக்கிய பொதுவான அளவுமுறை நமக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. அமெரிக்க, ஐரோப்பிய அளவுகளைத்தான் நிறுவனங்கள் அவரவர் விருப்பத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டன. அதனால்தான் ஜவுளி அமைச்சகத்துக்காக நிஃப்ட் என்னும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம், 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000-க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் பணியைக் கையிலெடுத்தது. லேபிளில் இருக்கும் எழுத்தை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய அளவை வாங்கி, வேண்டிய இடத்தில் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் லேபிளை யாரும் படிக்கப் போவதில்லை.

விசேஷத்துக்குப் போவதையே நிறுத்திவிட்ட அந்த அம்மாவுக்கு இப்போது எழுதுகிறேன். அம்மா, மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு அணிவதற்கென்றே உள்பக்கம் பை வைத்துத் தைத்த உள்ளாடைகள் கிடைக்கின்றன. அதில் வைத்துக்கொள்ள சிலிக்கான் மார்பகங்களும், பருத்தி நூலில் பின்னிய லேசான மார்பகங்களும் உண்டு. பின்னியதை இலவசமாகத் தரும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். ப்ளவுஸின் கழுத்தை ஏற்றி வைத்து, அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கை வீங்கும் என்றால் அந்தக் கையை மட்டும் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். முந்தானையைத் தனித்தனி மடிப்பாகக் குத்தாமல் விரித்து விட்டுக்கொள்ளுங்கள். எதுவும் வைக்காமல் அப்படியே போக விரும்பினாலும் அது உங்கள் உரிமை. வெண்புள்ளி இருப்பவர்கள், ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள், தழும்பு உள்ளவர்கள் அனைவருக்கும் சொல்கிறேன். மறைத்தால்தான் நிம்மதி என்றால் மறையுங்கள், மறைக்க வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். இரண்டுமே சரிதான். முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள் என்ற எண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து 2000-இல் வெளியிட்டார்கள். சங்கடப்படுத்தும் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர் நினைத்தார். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை. மண்டபத்துக்கு வருகிறவர்களும் அப்படித்தான். அவரவர் சேலை மடிப்பும் அவரவர் குழந்தையும் பந்தி எப்போது என்பதும்தான் அவரவர் கவலை.

ஆனாலும் கவனித்துச் சொல்லிவிடும் நாலு பேர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். "என்ன இப்படி ஊதிட்டே?", "சாப்பாடே போடறதில்லையா உன் மாமியார்?", "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா". அன்பில்தான் சொல்கிறோம் என்று சொல்பவர்கள் நினைக்கலாம். கேட்ட பெண் அன்று இரவு சாப்பிடாமல் படுத்திருப்பாள், அடுத்த விசேஷத்துக்கு வராமல் இருப்பாள். ஜவுளிக் கடையில் விற்பனையில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும், தையல் கலைஞர்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன். "உங்க சைஸுக்கு இல்லை" என்பதற்குப் பதில் "இந்த மாடலில் அந்த அளவு வரவில்லை" என்று சொல்லுங்கள். அளவெடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் பிறர் கூச்சத்தோடு நெருக்கமாகப் பழகும் தொழில். உங்கள் ஒரு வார்த்தை ஒருவரை நிமிர்ந்து நடக்க வைக்கும்.

வாசகர்களே, இந்த முகூர்த்த மாதத்துக்கு உங்களிடம் நான் கேட்பது மூன்று. விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்பே தையல்காரரிடம் நேரில் போய் இன்றைய அளவைக் கொடுங்கள். ஒரு காலத்தில் போட்டு, இப்போது போட முடியாமல் பீரோவில் இருந்து உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் உடைகளைப் பிரித்துத் தையுங்கள், முடியாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மண்டபத்தில் நீண்ட நாள் கழித்துப் பார்க்கும் யாரிடமும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வந்ததற்கு மகிழ்ச்சி என்று மட்டும் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டார் பத்திரிகை வைத்தது உங்களுக்கு. கட்டாயம் போய் வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்